பத்துக் கிலோ கழிவு: அழுகலின் கணக்கை யார் கட்டுவது?

யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் ‘கழிவு’ என்ற சொல்லுக்குத் தனியான ஒரு பொருள் உண்டு. கமக்காரர் 100 கிலோ மரக்கறி கொண்டுவந்தால் 90 கிலோவுக்குத்தான் காசு. மிகுதி 10 கிலோ கழிவு. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் என்று சந்தையின் பெயர் மாறும். முறை பெரிதாக மாறுவதில்லை. இதை நிறுத்த வேண்டும் என்று கமக்காரர்கள் பல வருடங்களாகக் கேட்டு வருகிறார்கள். மாவட்டக் கூட்டங்களில் பேசப்பட்டிருக்கிறது. நிறுத்தும்படி அறிவுறுத்தல்களும் வந்திருக்கின்றன. சில நாட்கள் அடங்கும், பிறகு மெல்லத் திரும்பி வந்துவிடும்.

ஏன் கழிக்கிறீர்கள் என்று வியாபாரியைக் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: “அழுகிப் போறதுக்கு ஆர் பொறுப்பு?” இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மரக்கறி அழுகத்தான் செய்கிறது. இலங்கையில் விளையும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகிறது என்பது விவசாயத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. ஆகவே இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் தேட விரும்புகிறேன். மரக்கறியை அழுக வைப்பது எது? அது எங்கே, எப்போது தொடங்குகிறது? அந்த இடத்தில் முடிவெடுப்பவர் யார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், கழிவு யார் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தோலின் மேல் வாழ்பவை

தோட்டத்திலிருந்து அப்போதுதான் பறித்த கத்தரிக்காயிலும் உயிர்கள் குடியிருக்கின்றன. ஒரு கிராம் மரக்கறியில் பத்தாயிரம் முதல் ஒரு கோடி வரை பற்றீரியாக்கள் இருப்பது வழமையான நிலை. மண், எரு, இறைக்கும் நீர், காற்று, பறிப்பவரின் கை, முன்னர் வேறெதற்கோ பாவித்த உரப்பை என்று பல வழிகளில் இவை வந்து சேருகின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதருக்கு நோய் தருபவை அல்ல. தோல் முழுதாக இருக்கும்வரை காய்க்கும் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை.

தோல் கிழிந்தால் கதை மாறும். தாவரத்தின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்ரின் என்ற பொருள். சுவரில் கல்லுக்கு இடையே உள்ள சாந்து போன்றது அது. பெக்டோபற்றீரியம் என்ற பற்றீரியா இந்தச் சாந்தைக் கரைக்கும் நொதியங்களைச் சுரக்கிறது. பழைய பாடப்புத்தகங்களில் இதன் பெயர் எர்வினியா. கரட், கோவா, உருளைக்கிழங்கு, கறிமிளகாய் ஆகியவை கூழாகிச் சளிபோல் வடிந்து நாறுவது பெரும்பாலும் இதன் வேலை. ஒரு காயிலிருந்து வடியும் நீர் பக்கத்துக் காயின் காயத்தில் படும்போது அதுவும் போகிறது. மூட்டையின் நடுவில் ஒன்று அழுகினால் சுற்றியுள்ளவையும் அழுகுவது இப்படித்தான். சூடோமோனாசு என்ற இன்னொரு கூட்டம் குளிரிலும் மெதுவாக வளரும். அதனால்தான் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த கீரையும் சில நாளில் வழுக்கத் தொடங்குகிறது.

மதுவம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ஈஸ்ட் வேறு வகை. அதற்குச் சீனியும் புளிப்பும் பிடிக்கும். வெடித்த தக்காளி, வெட்டிய பூசணி, காயப்பட்ட பீற்றூட் ஆகியவற்றில் அது நொதிக்கிறது. அந்த மணம் நமக்குப் புதியதல்ல. பனையில் கட்டிய முட்டிக்குள் பாளையின் இனிப்பு நீர் கள்ளாக மாறுவதும் மதுவமும் பற்றீரியாவும் சேர்ந்து செய்யும் வேலைதான். அதே முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அவற்றின் வளர்ச்சி தடைப்பட்டு, கருப்பநீர் இனிப்பாகவே இறங்குகிறது. நுண்ணுக்குக்காட்டியைக் காணாத காலத்திலேயே நுண்ணுயிரை அடக்கி வைக்கத் தெரிந்த சமூகம் நாங்கள். மோர்மிளகாய், வற்றல், ஒடியல், கருவாடு எல்லாம் அதே அறிவின் பிள்ளைகள். உப்பும் வெயிலும் ஈரத்தை எடுத்துவிட்டால் இந்த உயிர்கள் பெருக முடியாது.

பச்சை மரக்கறியில் ஈரத்தை எடுக்க முடியாது. ஈரம்தான் அதன் விலை. எனவே அங்கே கையில் உள்ளவை மூன்று: காயம் படாமல் பார்ப்பது, சூட்டைக் குறைப்பது, நேரத்தைச் சுருக்குவது.

நேரம் எப்படிப் பெருகுகிறது

ஒரு பற்றீரியா மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நமது வெப்பநிலையில், காயம்பட்ட ஈரமான காயில், இது மிகைப்படுத்தல் அல்ல. பத்து மணித்தியாலத்தில் ஒன்று ஆயிரத்துக்கும் மேலாகிவிடும். இருபது மணித்தியாலத்தில் பத்து இலட்சத்தைத் தாண்டும். வெப்பநிலை பத்துப் பாகை குறைந்தால் காய் பழுதாகும் வேகம் ஏறத்தாழ அரைவாசி அல்லது மூன்றிலொன்றாகக் குறையும். பறித்த பின்னும் காய் சுவாசிக்கிறது, சுவாசிக்கும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. இறுக்கிக் கட்டிய உரப்பையின் நடுப்பகுதி வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பது அதனால்தான்.

இப்போது ஒரு மூட்டை கத்தரிக்காயின் பயணத்தைப் பார்ப்போம். காலையில் பறித்தது வெயிலேறும்வரை வரம்பில் கிடக்கிறது. உரப்பையில் திணித்துத் தைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளிலோ லான்ட்மாஸ்டரிலோ சந்தைக்கு வருகிறது. சீமெந்துத் தரையில் போடுகிறார்கள். ஏலம் முடியும்வரை அங்கே கிடக்கிறது. பிறகு மூட்டைமேல் மூட்டையாக லொறியில் ஏறுகிறது, அதன் மேல் ஆட்களும் ஏறி மிதிக்கிறார்கள். தெற்குக்குப் போவதென்றால் ஓர் இரவு முழுவதும் தார்ப்பாயின் கீழ் ஓட்டம். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி இறக்கல், மறுபடி விற்பனை.

இந்தப் பயணத்தில் கமக்காரரின் கையில் இருப்பது முதல் சில மணித்தியாலங்கள் மட்டுமே. கவனமாகப் பறிப்பது, நிழலில் வைப்பது, அழுகியதைப் பிரித்தெடுப்பது அவர் பொறுப்பு. அதன் பிறகு மூட்டை எங்கே கிடக்கிறது, யார் மிதிக்கிறார்கள், லொறி எப்போது புறப்படுகிறது என்ற எதிலும் அவருக்குச் சொல் இல்லை. ஆனால் முழுப் பயணத்தின் அழுகலுக்கும் சேர்த்து, பயணம் தொடங்கும் முன்னரே, அவரிடமிருந்து 10 கிலோ எடுக்கப்படுகிறது.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. கழிவு எல்லோருக்கும் ஒரே அளவு என்றால், பார்த்துப் பார்த்துப் பறித்து நிழலில் வைத்துத் தரம் பிரித்துக் கொண்டுவருபவருக்கும், வெயிலில் காயவிட்டு அள்ளிக் கொட்டிக்கொண்டு வருபவருக்கும் ஒரே தண்டனை. மாதக்கணக்கில் தாங்கும் பூசணிக்கும் அடுத்த நாளே துவளும் கீரைக்கும் பழுதாகும் வேகம் ஒன்றல்ல. காயின் தன்மையைப் பார்க்காத கழிவு, அழுகலைக் குறைக்கும் எண்ணத்தையே கமக்காரரிடமிருந்து எடுத்துவிடுகிறது. எப்படிக் கொண்டுபோனாலும் பத்துக் கிலோ போகும் என்றால் யார் மினக்கெடுவார்?

கணக்கைக் காசில் பார்த்தால் இன்னும் தெளிவு. கிலோ 200 ரூபா விற்கும் நாளில் 100 கிலோவுக்கு 2,000 ரூபா கழிவாகப் போகிறது. ஒரு போகத்தில் இருபது தடவை சந்தைக்குப் போனால் 40,000 ரூபா. கணவனைப் போரில் இழந்து, அரை ஏக்கரில் பயிர் செய்து, நுண்கடன் தவணை கட்டும் ஒரு பெண்ணுக்கு இது சிறு தொகையல்ல.

கூடை கற்றுத்தந்த பாடம்

காயத்தைக் குறைக்க வழி தெரியாமல் இல்லை. பிளாஸ்ரிக் கூடையில் அடுக்கினால் மேலுள்ள பாரம் காய்மேல் விழாது, காற்றும் போய்வரும். 2011 டிசம்பரில் அரசாங்கம் மரக்கறி, பழங்களைக் கூடைகளில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. தம்புள்ளையில் விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கினார்கள். அரசாங்கம் பின்வாங்கியது.

நுண்ணுயிரியலின்படி அந்த உத்தரவு சரியானது. தவறு வேறிடத்தில் இருந்தது. கூடை வாங்கும் செலவு யாருடையது? கூடையில் ஏற்றினால் லொறி முன்னர் ஏற்றிய அளவை ஏற்றாது, அந்த வாடகை யாருடையது? வெறுங்கூடை எப்படித் திரும்பி வரும்? இந்தக் கேள்விகளுக்கு விடையில்லாமல் சட்டம் மட்டும் வந்தது. விலையைத் தீர்மானிக்கும் பலம் இல்லாதவரின் தலையில்தான் கடைசியில் எல்லாச் செலவும் இறங்கும் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். சந்தையே கூடைகளை வைத்திருந்து, சிறு வாடகைக்குக் கொடுத்து, திரும்பப் பெற்றுக் கழுவி அடுக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

தண்ணீரும் இப்படியொரு இடம். மரக்கறி வாடாமல் தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பது எங்கள் சந்தைகளில் சாதாரணம். மண் போகட்டும் என்று கரட்டையும் பீற்றூட்டையும் ஒரே தொட்டித் தண்ணீரில் கழுவுவதும் உண்டு. நூறு காய் கழுவிய தண்ணீர் நூற்றியோராவது காய்க்கு நோயைப் பூசும் தண்ணீர். வெயிலில் சூடான தக்காளியைக் குளிர்ந்த நீரில் போட்டால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, காம்படி வழியாக நீரை உறிஞ்சும். அந்த நீரோடு பற்றீரியாவும் உள்ளே போய்விடும், பிறகு எவ்வளவு கழுவினாலும் வெளியே வராது. வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தில் கிணறுகளும் மலசலகூடக் குழிகளும் நெருங்கியிருப்பதால் நீரின் தரம் பற்றிய கவலை இன்னும் கூடுதல். அளவாகக் குளோரின் இட்ட ஓடும் நீரும், கழுவியபின் ஈரம் உலர ஓர் இடமும் சந்தையில் இருக்க வேண்டும். சந்தையை நடத்தும் உள்ளூராட்சி சபை செய்ய வேண்டிய வேலை இது.

குளிர் யாருக்குக் கிடைக்கிறது

2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் மோடியின் வருகையின்போது, தம்புள்ளையில் 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள, வெப்பநிலையும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் இந்திய உதவியுடன் திறந்து வைக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் தம்புள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர். அழுகல் தொடங்குவது பறித்த முதல் மணித்தியாலங்களில். அந்தச் சூட்டை வரம்பிலும் சந்தையிலும் இறக்காமல், ஓர் இரவு கடந்து போய்ச் சேரும் குளிருக்கு அரைப் பயன்தான்.

குளிர் அறை ஒன்று கட்டினால் எல்லாம் சரி என்பதும் பிழையான எண்ணம். கோவாவும் கரட்டும் பூச்சியப் பாகைக்கு அருகில், நல்ல ஈரப்பதனில், வாரக்கணக்கிலும் அதற்கு மேலும் இருக்கும். கத்தரிக்காயை அதே அறையில் வைத்தால் தோலில் குழி விழும், விதை கறுக்கும். கத்தரிக்கு 10 முதல் 12 பாகை வேண்டும். வெண்டிக்கு 7 முதல் 10. காய்ப்பருவத் தக்காளிக்கு 12 முதல் 15. குளிரால் காயப்பட்ட காயை வெளியே எடுத்ததும் பங்கசும் பற்றீரியாவும் முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். வெங்காயத்துக்கோ ஈரமே ஆகாது, அது உலர்ந்து காற்றோடும் இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் மண்ணில் விளைபவற்றில் பாதிக்கு மேல் இந்த நடுத்தரக் குளிர் கேட்பவை. எனவே வடக்குக்குத் தேவை ஊரூராகச் சிறிய அறைகள், ஒவ்வொன்றும் வேறு பாகையில், வேறு காய்களுக்கு.

மின்சாரம் இல்லாத வழிகளும் உண்டு. இந்தியாவின் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் 1980களில் உருவான குளிர் அறை இரண்டு செங்கற் சுவர்களும் நடுவில் ஈர மணலும் மட்டுமே. வட நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் ஈர மணலை இட்டு, மூன்று நாளில் பழுதாகும் கத்தரிக்காயை 27 நாள் வரை வைத்திருக்கலாம் என்று காட்டினார். அது வறண்ட காற்றின் நாடு. எங்கள் காற்று ஈரமானது, மாரியில் இந்த முறை பெரிதாகக் குளிராது. சோளகம் வீசும் மாதங்களில், நிழலும் காற்றும் உள்ள இடத்தில், சில பாகையாவது குறைக்கும். பல ஆயிரம் ரூபா மின்கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு அந்தச் சில பாகையும் ஒரு நாள் அவகாசம்.

மூடிய வீதிகளின் தொடர்ச்சி

போரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கை முடிக்க முடியாது. 2002இல் ஏ9 வீதி திறந்தபோதும், ஓமந்தையிலும் முகமாலையிலும் சரக்கை இறக்கிச் சோதித்து மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு இறக்கலும் ஏற்றலும் காய்க்குப் புதிய காயம். வரிசையில் நின்ற ஒவ்வொரு மணித்தியாலமும் பற்றீரியாவுக்கு ஒரு தலைமுறை. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டபோது விளைந்தது ஒருபுறமும் வாங்குபவர் மறுபுறமும் நின்றார்கள். வலிகாமம் வடக்கின் செம்மண் 1990இலிருந்து பல வருடங்கள் கமக்காரரின் காலடி படாமல் கிடந்தது, ஒரு பகுதி இன்னும் திரும்பவில்லை. கமக்காரருக்கும் நுகர்வோருக்கும் இடையில் நின்ற கூட்டுறவுச் சங்கங்களின் களஞ்சியங்கள் பல இடிந்தன. சங்கங்கள் மெலிந்த இடத்தில், விலையையும் கழிவையும் தனியே எதிர்கொள்ளும் தனிக் கமக்காரர் மிஞ்சினார்.

போர் முடிந்த பின் கட்டடங்கள் வந்தன. வடக்குக்கான பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று 2016இல் எங்கள் அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். வவுனியாவில் கட்டியது நெடுநாள் பூட்டிக் கிடந்தது. மட்டுவிலில் கட்டியதை 2022 மார்ச்சில் அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ச வந்து திறந்தார். திறப்பு விழா முடிந்தது, வியாபாரம் தொடங்கவில்லை. அந்த வருடம் மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கூரையும் பெயர்ப்பலகையும் இருந்தால் காய் குளிர்ந்துவிடாது. இந்தப் பிழையில் கொழும்புக்கும் பங்குண்டு, எங்களுக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

எதைக் கேட்க வேண்டும்

வியாபாரியை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. சில்லறைக் கடைக்காரர் நாள் முடிவில் உண்மையாகவே அழுகியதைக் கொட்டுகிறார். அவருக்கும் வட்டி உண்டு, பிள்ளைகள் உண்டு. அழுகலின் ஒரு பங்கு கமக்காரரையும் சேரும் என்பதிலும் பிழையில்லை. நான் கேட்பது, அந்தப் பங்கு அளந்து பார்க்கப்பட வேண்டும் என்பதுதான்.

கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நான்கு சந்தைகளில், பத்து வகை மரக்கறிகளில், ஒரு போகம் முழுவதும், எந்தக் கட்டத்தில் எத்தனை கிலோ அழுகுகிறது என்று மாணவர்கள் நிறுத்துப் பதிந்தால் போதும். தக்காளிக்கு எவ்வளவு, பூசணிக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதைச் சந்தை வாசலில் எழுதி ஒட்டலாம். தரம் பிரித்துக் கூடையில் கொண்டுவருபவருக்குக் கழிவே இல்லை என்று சபை தீர்மானிக்கலாம். கூடையை வாடகைக்குக் கொடுக்க ஒரு கூட்டுறவுச் சங்கம் போதும். நிழற்கூரை, தரையிலிருந்து ஓரடி உயர்ந்த பலகை, சுத்தமான நீர் ஆகிய மூன்றும் பெருந்திட்டங்கள் அல்ல.

இதில் வாங்கிச் சமைக்கும் எங்கள் எல்லோருக்கும் பங்குண்டு. கழுவிய ஈரத்தோடு மரக்கறியைப் பொலித்தீன் பையில் கட்டிவைக்க வேண்டாம், சமைக்கும் நேரத்தில் ஓடும் நீரில் கழுவினால் போதும். காயம்பட்டதை முதலில் சமையுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி போன்று பச்சையாகச் சம்பல் போடுபவற்றில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அழுகல் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லா போன்ற கிருமிகளோ மணமும் நிறமும் இல்லாமல் வரும். வெட்டி வைத்த மரக்கறியை வெளியே மணிக்கணக்கில் வைக்கக்கூடாது என்பது அதனால்தான்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கழிவு பற்றி மறுபடி பேச்சு வரும். அப்போது ‘கழிவை நிறுத்துங்கள்’ என்று மட்டும் கேட்டால் பழைய பதில்தான் கிடைக்கும். எந்தக் காய், எத்தனை மணித்தியாலம், எந்த இடத்தில், யார் கையில் அழுகியது என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்களின் வரிசை நீளும். அந்த வரிசையில் கமக்காரரும் நிற்கட்டும். அவர் மட்டும் தனியே நிற்க வேண்டியதில்லை.